உன் அண்ணன் யாரிடம் வேலை பார்த்தான்

பழவேற்காடு
ஆடி அமாவாசைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் வினோத்துக்கு உன் நைனா பொன்னுரங்கம் சொல்லச் சொல்ல ஜெசிந்தா டீச்சரம்மா கையால் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி குணசுந்தரி, அவள் மகள் திவ்யா மூன்று பேரும் எல்லையம்மன் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே காந்திதாமில் நீயும் மருமகள் பானுப்ரியாவும் குழந்தை தேவதர்ஷினியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்குச் சோறு இறங்கும். நேற்று அமாவாசைக்கு உங்கம்மாவுக்கும் உன் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே இலையில் படைத்தோம், அம்மாவுக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்க வசதிப்படவில்லை, ஏரியில் கிடைத்த மடவைதான். இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே டூட்டிக்கு நேரமாச்சு நைனா, அப்புறம் பண்றேன்னு வைத்துவிடுகிறாய். உன்மேல் குறை சொல்லவில்லை. காகிதம் என்றால் அப்படி வைத்துவிட முடியாது, மடித்துப் போட்டாலும் வீட்டில் ஒரு மூலையில் கிடக்கும், மருமகளாவது எடுத்துப் படிப்பாள். நான் சொல்லப்போவது உனக்கும் தெரிந்த கதைதான். ஆனால் சென்னையில் உன் அண்ணன் கேஸைக் கேட்கிற அதிகாரி எதையும் முதலிலிருந்துதான் கேட்கிறார், அதனால் நீயும் ஒரு தரம் முதலிலிருந்து நினைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று சொல்லி மீஞ்சூர் பாங்கி வாசலில் நம்மை வெயிலில் நிறுத்தினார்களே, அந்த வருஷம். அதே வருஷம் கார்த்திகைக் கடைசியில் வர்தா புயல் வந்து நம் குப்பத்தில் கூரை ஒன்று பாக்கி வைக்காமல் பிடுங்கிப் போட்டது, அதிலிருந்து நிமிர்வதற்குள் தை மாதம் எண்ணூருக்கு அந்தண்டை இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிற்று. ஏரி மீனுக்கும் அந்த எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் பழவேற்காட்டு மீன் என்றால் வாங்குகிறவள் மோந்து பார்த்துவிட்டுக் கூடையைத் தள்ளினாள், உங்கம்மா இருசம்மாள் கொண்டுபோன மீனை அப்படியே திருப்பி எடுத்து வந்து உப்பில் போட்டாள். அடுத்த மாசியில்தான் துறைமுகத்துக்கு ஆள் விடுகிற அந்தக் கம்பெனிக்காரன் வேனில் வந்தான். கேஸ் முடிகிறவரைக்கும் பெயரை எழுத வேண்டாம் என்று நம் வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் கம்பெனி என்றே எழுதச் சொல்கிறேன். பெரிய கப்பல் கரை சேரும்போது அது இறக்கிவிடுகிற வடத்தைச் சின்னப் படகில் போய் வாங்கிவந்து கரையில் நட்டிருக்கிற இரும்பு முளையில் மாட்ட வேண்டும், தண்ணி பழகினவன்தான் அதைச் செய்ய முடியும், அதனால்தான் நம்மைத் தேடி வந்தான். இரண்டு ரகமாக ஆள் எடுக்கிறேன் என்றான். ஒன்று சம்பளம், அதில் பி.எஃப். பிடிப்பார்கள், இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள், கைக்கு வருவது குறைச்சல். இன்னொன்று ஒப்பந்தம், அவனவன் தனித்தனியாகச் சொந்தத் தொழில்காரன், மாதா மாதம் தன் பேரில் பில் போட வேண்டும், நூற்றுக்கு ஒரு ரூபாய் வருமான வரி என்று பிடித்துக்கொண்டு மீதியை முழுசாகக் கொடுத்துவிடுவார்கள்.

நம் ஊர்ச் சட்டம் உனக்குத் தெரியும், தேவதர்ஷினி பெரியவளாகிக் கேட்டால் நீ சொல்ல வேண்டுமே என்று எழுதச் சொல்கிறேன். ஏரியில் இறால் விழுகிற இடத்தில் வலை கட்டுவதற்குக் கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் முறை வைத்து நாள் விடுகிறோம், அதற்குப் பாடு என்று பெயர். மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பாடு கிடையாது, ஊருக்குக் கட்டுகிற தலைக்கட்டு வரியும் அவனுக்கு இரட்டிப்பு. அவனுக்கு மாதம் பிறந்தால் சோறு உண்டு, ஏரியை நம்பினவனுக்கு அந்த நாளை விடு என்று பெரியவர்கள் நியாயமாகத்தான் வைத்தார்கள். அன்றைக்குக் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடினபோது எல்லோரும் ஒரே பேச்சு, சம்பளம்னு எழுதாதீங்கடா, சொந்தத் தொழில்னு எழுதிக்கோங்க, பாடும் நிக்கும், ஊர் வரியும் ஒத்தை, கவர்மென்டுக்கு நூத்துக்கு ஒண்ணுதானே போகுது என்று. உங்கம்மா ஒருத்திதான் எதிர்த்தாள். மீஞ்சூரில் கம்பெனிக்குப் போகிற பெண்களை அவள் ரயிலில் பார்ப்பாள், இ.எஸ்.ஐ. கார்டைக் காட்டிப் பெற்றவர்களுக்கும் சேர்த்து மருந்து வாங்குகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பாடு பாடுன்றீங்களே, மொகத்துவாரமே மண்ணு அடைச்சிக்கினு கீது, ஏரியில இன்னா கீதுன்னு அதைக் கட்டிக்கினு அழுவறீங்க என்று பஞ்சாயத்தைப் பார்த்தே கேட்டாள். பொம்பளைக்கு இன்னா தெரியும் என்று யாரோ சொன்னதற்கு, நீ புடிச்சாந்த மீனை வித்துக் காசை எண்றது உன் பொண்டாட்டி, உனக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியுமா என்று திருப்பினாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒப்பந்தத்துக்கே கை நீட்டினார்கள், உன் அண்ணன் சிவசங்கர், நீ, படகு ஓட்ட நீலமேகம், மூன்று பேரும். திருப்பாலைவனத்திலிருந்து ஏகாம்பரம் வந்து நான்காவது ஆளாகச் சேர்ந்தார், அவர் வயல்காரர், அவருக்குப் பாடு ஒன்றும் இல்லை, நாம் எழுதினதைப் பார்த்து அவரும் அப்படியே எழுதினார்.

மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு எதிரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறதே சத்யா என்கிற பெண், அதுதான் உங்களுக்கெல்லாம் பான் கார்டு எடுத்துக் கொடுத்தது, கார்டு இல்லாவிட்டால் நூற்றுக்கு ஒன்று இல்லை, இருபது பிடித்துவிடுவார்களாம். சம்பளக்காரனுக்கு வரிக்கணக்கு ஒரு மாதிரி, தொழில்காரனுக்கு ஒரு மாதிரி என்று அது எனக்கு ஒரு நாள் பொறுமையாகச் சொல்லிற்று. சம்பளக்காரனுக்கு வாங்குகிறது பூராவும் வருமானம். தொழில்காரனுக்கு வரவில் பெரும்பங்கைச் செலவு என்று தள்ளிவிட்டு மீதியைத்தான் வருமானமாக வைத்துக்கொள்ளச் சட்டமே ஒரு வழி விட்டிருக்கிறதாம், அந்த வழியில் உங்கள் யாருக்கும் வரி விழவில்லை, பிடித்த ஒரு ரூபாயும் வருஷம் திரும்பினால் பாங்கிக்குத் திரும்பி வந்தது. முதல் தடவை வந்தபோது சிவசங்கர் உங்கம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துவந்து, கவர்மென்டே என்னை மொதலாளின்னு ஒத்துக்கிச்சு பாத்தியா என்று அவள் தோளில் போட்டான். காசியம்மாள் மகன் மோகன்குமார் ஒருத்தன்தான் ஊர்ப் பேச்சைக் கேட்காமல் சம்பளத்துக்குப் போனவன், அவன் பாடு போயிற்று, ஊர் வரி இரட்டிப்பாயிற்று, டீக்கடையில் அவனைச் சம்பளக்காரரே வாங்க என்று கிண்டல் செய்தார்கள். அவனும் விடவில்லை, மொதலாளிங்க நாலு பேரு கயிறு இழுக்கப் போறாங்க, வழி விடுங்கடா என்று உங்களைக் கண்டால் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பான். அப்புறம் அவனுக்கு விரல் இரண்டு நசுங்கியபோது இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், வேலைக்குப் போகாத நாளுக்கும் பணம் வந்தது. அதைப் பார்த்துத்தான் சிவசங்கர் போய், என்னையும் சம்பளத்துக்கு மாத்திக் கொடுங்க சார் என்று கேட்டான். அந்த ரகத்தில் இனிமேல் ஆள் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு தரமும் கேட்டான். உங்கம்மாவுக்குக் கிட்னி கெட்டு ஸ்டான்லிக்கும் வீட்டுக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாள் அது. கொரோனா இரண்டாவது தடவை வந்த வைகாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

மாண்டஸ் புயல் கரை தொடுவதற்கு முந்தின வாரம் கடல் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. நான் நம் படகை மேட்டுக்கு ஏற்றிப் போட்டுவிட்டேன், ஊரில் ஒருத்தரும் இறங்கவில்லை. அன்றைக்கும் உங்களுக்கு டூட்டி. வடம் அறுந்து சிவசங்கரை அடித்துவிட்டது என்று சாயங்காலம் வந்து சொன்னார்கள். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுதச் சொல்லவில்லை, நீ அந்தப் படகில் இருந்தவன், நான் கரையில் இருந்தவன்.

காரியம் முடிந்து, நீ ரயிலேறின பிறகு, நானும் குணசுந்தரியும் கம்பெனிக்குப் போனோம். குளிர் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. உங்க பையன் எங்க ஆள் இல்லையே ஐயா, அவர் தனியா தொழில் பண்ணவர், எங்களுக்கு பில் போட்டு வேலை செஞ்சு கொடுத்தவர், உங்க வீட்டுக்கு ஒருத்தர் சுண்ணாம்பு அடிக்க வர்றதில்லையா, அந்த மாதிரி என்றார் அங்கிருந்த அதிகாரி. சிவசங்கர் டூட்டிக்குப் போட்டுக்கொண்டு போவானே, முதுகில் கம்பெனி பெயர் போட்ட ஆரஞ்சுச் சட்டை, அதைக் குணசுந்தரி துவைத்து மடித்துப் பையில் வைத்திருந்தாள், எடுத்து மேஜைமேல் வைத்தாள். இது போதாதா என்று கேட்கத்தான் வைத்தாள். அவர் அதைப் புரிந்துகொள்ளவில்லையோ, புரிந்துகொண்டுதான் செய்தாரோ, ஓ, திருப்பிக் கொடுக்கக் கொண்டாந்தீங்களா, ரொம்ப நல்லது என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அழவில்லை, வெறும் பையை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

அந்த மாசி மகம் கழித்து ஊரில் தலைக்கட்டு எண்ணினார்கள். சிவசங்கருக்கு ஆண் வாரிசு இல்லை, இருப்பது திவ்யா மட்டும், அதனால் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். தாலி அறுத்தவளுக்கு ஊர் வரி கிடையாது, பாடும் கிடையாது, அதுவும் நம் வழக்கம்தான். நான் எழுந்து நின்று, இதுக்காகத்தானே அவன் அங்க போயி சொந்தத் தொழில்னு எழுதிக்கினான் என்று கேட்டேன். நல்லவர்கள்தான் எல்லோரும், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் பெயரையும் அன்றைக்கே எடுத்தார்கள், குஜராத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாய் என்று. அதை மட்டும் சந்தோஷமா எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது கேஸ் விஷயம். பொன்னேரி வக்கீல் ராபர்ட் காசு வாங்காமல் உன் அண்ணி பேரில் நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டார், சென்னையில் தொழிலாளர் அதிகாரி முன்னால் நடக்கிறது. கம்பெனி பக்கத்து வக்கீல், சத்யா போட்டுக் கொடுத்த வருஷ வரிக்கணக்கை, அந்த ரிட்டனையே கேட்டு வாங்கிக் காட்டினார். இறந்தவர் ஒவ்வொரு வருஷமும் தன்னைத் தொழில்காரர் என்று அரசாங்கத்திடமே சொல்லியிருக்கிறார், தொழில்காரர் என்று வரியைத் திரும்பவும் வாங்கியிருக்கிறார், தொழிலாளி என்றால் பி.எஃப். எங்கே, இ.எஸ்.ஐ. எங்கே என்றார். என் பிள்ளை பொய் சொல்லி வாங்கின மாதிரி இருந்தது அவர் பேசினது. வெளியே வந்ததும் ராபர்ட் சொன்னார், எழுதிக்கொண்டது எதுவாக இருந்தாலும் வேலை எப்படி நடந்தது என்றுதான் கடைசியில் பார்ப்பார்கள், எப்போது வரவேண்டும் எப்போது போகவேண்டும் என்று சொன்னது யார், படகு யாருடையது, இன்றைக்குப் போகமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா, இதை அந்தப் படகில் இருந்த ஒருத்தர் வந்து சொன்னால் போதும் என்றார். அது எனக்கு உடனே புரிந்தது வினோத். காற்று சரியில்லை என்றால் நான் படகை ஏற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன், யாரையும் கேட்டதில்லை, அன்றைக்கு உலை வைக்காமல் போனாலும் அது நான் முடிவு செய்தது. சொந்தத் தொழில் என்று நான் அறிந்தது அவ்வளவுதான். உன் அண்ணனுக்கு அது இல்லை.

சாட்சி சொல்ல ஏகாம்பரம் ஒத்துக்கொண்டிருந்தார். இப்போதும் அங்கே வேலை செய்கிறவர்கள் வாய் திறந்தால் மறுநாள் துறைமுகத்துக்குள் விடுகிற கேட் பாஸ் இருக்காது, அவர் வேலையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பயம் இல்லை. நானும் அவரும் ராபர்ட் ஆபீசில் உட்கார்ந்து பேசினோம், நாற்று விட்டதும் வரேன் பெரியவரே என்று சொல்லிப் போனார். போன வைகாசியில் மீஞ்சூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி மோதி அந்த இடத்திலேயே போய்விட்டார். இது உனக்கு நான் போனில் சொல்ல ஆரம்பித்ததுதான், நீ பாதியில் வைத்துவிட்டாய். மோகன்குமார் நான் வரேன் பெரிப்பா என்றான், ஆனால் அவன் சம்பள ரகம், அந்தப் படகில் ஏறினவனும் இல்லை, அவன் சாட்சி செல்லாது என்கிறார் ராபர்ட்.

நீ ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று பானுப்ரியா உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள். நீயும் அதே மாதிரி ரிட்டன் போட்டவன், இப்போது வந்து கம்பெனி ஆளாகத்தான் இருந்தோம் என்று சொன்னால், அப்போ அன்னிக்கு கொடுத்தது பொய்க் கணக்கா என்று வருமான வரிக்காரர்கள் பிடிப்பார்கள், அங்கே நிரந்தரமான வேலையும் போகும் என்று பயப்படுகிறாயாம். நான் மறுநாளே பஸ் ஏறி சத்யாவிடம் போனேன். அது உங்கள் இரண்டு பேர் கணக்கையும் திறந்து பார்த்துவிட்டு, இவங்க வாங்கினது பூராவும் சம்பளம்னே வெச்சிக் கூட்டினாலும் வரி கட்டற அளவுக்கு வரல தாத்தா, அன்னிக்கும் வரி இல்ல, இன்னிக்கும் வரி இல்ல, கம்பெனி கொடுத்த தாளை வெச்சுத்தான் நான் போட்டேன், வேணும்னா நானே வந்து சொல்றேன் என்றது. ராபர்ட்டும் அதையே சொன்னார். ஆகையால் அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

ஆனால் வினோத், அந்தப் பயம்தான் உன்னை அங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று நான் நம்பவில்லை. அண்ணனைக் கொண்டுவந்து இறக்கின அன்று நீ என் காலடியில் மணலில் உட்கார்ந்துகொண்டு, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"வேணாம் சார், அலை தூக்குதுன்னு அண்ணன் சொல்லிச்சு நைனா. போறீங்களா, இல்ல நாலு பேரும் கேட் பாஸை வெச்சிட்டு வீட்டுக்குப் போறீங்களான்னு வாக்கிடாக்கில கேட்டாங்க."

அவ்வளவுதான் நீ சொன்னது, அதற்கப்புறம் இன்றைக்கு வரைக்கும் அந்த நாளைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதை அதிகாரி முன்னால் நின்று அப்படியே சொன்னேன். உங்கள் காதால் கேட்டீர்களா என்றார். மகன் சொல்லக் கேட்டேன் என்றேன். அப்படியென்றால் மகன் வந்து சொல்லட்டும் பெரியவரே, நீங்கள் சொல்வது சாட்சி ஆகாது என்று தணிவாகத்தான் சொன்னார். நீ வந்து நின்றால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும், அதற்குத்தான் நீ அஞ்சுகிறாய் என்றும் தெரியும். அண்ணன் வேண்டாம் என்று சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று கேட்பார்கள். நீ பேசாமல் இருந்திருக்கலாம், போயிட்டு வந்துடலாம்ணே என்றும் சொல்லியிருக்கலாம், நாலு பேர் கேட் பாஸ், அதில் உன்னுடையதும் ஒன்று, பானுப்ரியா அப்போது மாசமாக இருந்தாள். எதுவாக இருந்தாலும் நான் உன்னைக் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். கேட்க உரிமை உள்ளவள் குணசுந்தரி. அவளும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் போவது அவளுக்குத் தெரியும். அவர் வரணும்னு எழுதாதீங்க மாமா, அவருக்கும் புள்ளை கீது, இப்பதான் வேலை நிலைச்சிருக்கு, நம்ம தலையெழுத்து நம்மளோட போகட்டும் என்றாள். அவள் சொன்னதையும் எழுதிவிட்டேன், மறைக்கவில்லை. அவள் இப்போது விடிந்ததும் பஸ் பிடித்து மீஞ்சூருக்குப் போய் பிஸ்கட் டப்பா அடைக்கிற கம்பெனியில் வேலை செய்கிறாள். முதல் சம்பளச் சீட்டில் பிடித்தம் போட்டிருந்தார்கள், அந்த வரியில் விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கொறைச்சலா கீதேம்மா என்று கேட்டேன். இது இருந்தாதான் மாமா நம்மள ஆளுன்னு ஒத்துக்குவாங்க என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டாள். திவ்யா பன்னிரண்டாவது வந்துவிட்டாள், நர்ஸ் படிப்புப் படிக்க வேண்டும் என்கிறாள். நஷ்ட ஈடு வந்தால் படிப்பாள், வராவிட்டால் அவளும் அம்மாவோடு அதே பஸ்ஸில் போவாள். அவள் என்னைக் கேட்டாள், அப்பா யார்கிட்ட தாத்தா வேலை பாத்தாரு, பள்ளிக்கூடத்துல எழுதணும்னு. அம்மாவைக் கேள் என்றேன்.

விசாரணை விநாயகர் சதுர்த்தி கழிந்து வருகிற திங்கட்கிழமை. அதற்கு மேல் நாள் கொடுக்க மாட்டார்களாம். நீ இப்போது சம்பளக்காரன், லீவு எழுதிக் கொடுத்தால் கொடுப்பார்கள், அதற்காகக் கேட் பாஸைப் பிடுங்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வந்து அதிகாரியிடம் அண்ணன் சொன்னதைச் சொல்லு, வாக்கிடாக்கியில் வந்ததைச் சொல்லு, அதற்கு மேல் கேட்டால் உனக்குத் தோன்றினதைச் சொல்லு, நான் அந்த நேரத்தில் வெளியே போய் நின்றுகொள்கிறேன். பழைய கேட் பாஸோ அதன் போட்டோவோ இருந்தால் மறக்காமல் எடுத்துவா. குழந்தையையும் கூட்டிவந்தால் பார்ப்பேன், இரண்டரை வயதாகிறது, நான் இன்னும் தூக்கவில்லை. ரயிலில் வெளித் தண்ணீர் வாங்கிக் கொடுக்காதீர்கள், காய்ச்சின தண்ணீர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளச் சொல்லு. மருமகளுக்கு நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே டூட்டியில் கடல் தூக்கினால் தூக்குது என்று வாய்விட்டுச் சொல்லு, சொல்லிவிட்டுப் பின்னால் நின்றுகொள். தண்ணியிலும் தரையிலும் உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் அண்டாமல் எல்லையம்மன் காக்கட்டும், உங்கம்மா இருக்கிற இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா பொன்னுரங்கம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

ரேகை வைத்த பிறகும் டீச்சரம்மாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லியிருக்கிறேன். நேற்று முன்தினம் ராபர்ட் என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு அந்தப் படகில் இருந்தவர்கள் யார் யார், இப்போது எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவரிடம் சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். ஓட்டினவன் நீலமேகம், மிக்ஜாம் வெள்ளம் வடிந்த வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றேன். பின்னால் கயிறு சுருட்டினவர் திருப்பாலைவனத்து ஏகாம்பரம், ரோட்டில் போய்விட்டார் என்றேன். முன்னால் நின்று வடம் வாங்கினவன் என் பெரிய பையன் சிவசங்கர் என்றேன். அவனுக்குப் பக்கத்தில் கொக்கி பிடித்து நின்றவன் யார் என்று கேட்டார். என் சின்னப் பையன், உயிரோடு இருக்கிறான், பெயர் வினோத் என்றேன்.